காப்புக் கட்டிய நாளில் கணக்கெடுக்கப் போனேன்

எனக்குக் கல்யாணம் ஆகாமல் இருந்ததற்கு என் முகம் காரணமல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். முகம் சுமார்தான், முன்மண்டை கொஞ்சம் வெளிச்சம் போட ஆரம்பித்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அரசுப் பள்ளியில் வாத்தியார் வேலை, காளப்பநாயக்கன்பட்டியில் சொந்த வீடு, வாயில் எல்லாப் பல்லும் இருக்கிறது. காரணம் வேறு. எங்கள் பக்கத்தில் பெண் இல்லை. அவ்வளவுதான்.

நான் படித்த வகுப்பில் பையன்கள் நாங்கள் பெஞ்சில் இடம் போதாமல் ஒருவர் மடியில் ஒருவர் என்று நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பெண்களுக்கு ஒரே பெஞ்சு. அதிலும் ஓரத்தில் இடம் மிச்சமிருக்கும், பைகளை வைத்துக்கொள்வார்கள். பை வைக்க இடம் இருக்கிறதே என்று எங்களுக்குப் பொறாமை. முப்பதைத் தாண்டிப் பெண் தேட ஆரம்பித்தபோதுதான் மண்டையில் உறைத்தது. அந்த இடத்தில் உட்கார வேண்டியவர்களைப் பிறக்கவே விடவில்லை.

என் அம்மா பேளுக்குறிச்சிச் சந்தையில் பேரம் பேசும்போதுகூட, "எனக்கென்னங்க, ரெண்டும் சிங்கக்குட்டி" என்று நடுவில் ஒரு தரம் சொல்லிக்கொள்வார். எனக்கும் தம்பிக்கும் நடுவில் ஒன்று இருந்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். வீட்டில் யாரும் அதைப் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. தம்பி பெங்களூருக்குப் போய்த் தானே ஒருத்தியைப் பார்த்துக்கொண்டான். மிஞ்சிய சிங்கக்குட்டிக்காக அம்மா ஜோசியர் வீடு, தரகர் வீடு என்று செருப்புத் தேய அலைந்தார்.

கடைசியில் தரகர் திருப்பூரில் ஒரு பெண்ணைச் சொன்னார். பாலக்காட்டுப் பக்கமிருந்து பிழைக்க வந்து அங்கேயே தங்கிவிட்ட குடும்பம். அப்பா இல்லை. பெண் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் சூப்பர்வைசர். போட்டோவில் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பது போலிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். "தவற விட்டுராதீங்க. அடுத்த ஞாயிறு காங்கேயத்துக்காரரு வாராரு, அதுக்கடுத்து பெருந்துறைக்காரரு. ரேஷன் கடைக் கூட்டமாட்டம் நிக்கிறாங்க" என்றார் தரகர். அம்மா அன்றே பூ, பழம், பட்டு வேட்டி எல்லாம் யோசித்து முடித்துவிட்டார். எனக்கும் உள்ளுக்குள் குறுகுறுவென்றிருந்தது. அந்த அடக்கின சிரிப்பு என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது.

அந்த வாரந்தான் எனக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேலை. கொல்லிமலையில் ஆலத்தூர் நாட்டுச் சிற்றூர்கள் என் பங்கு; அங்கே ஊர்க் கூட்டத்துக்கு நாடு என்று பெயர். முதல் சுற்றில் வீட்டுக் கணக்கு, பிறகு வேறொரு சுற்றில் தலைக் கணக்கு. முதல் சுற்றில் வீடு, கூரை, தண்ணீர், அடுப்பு, வீட்டில் எத்தனை பேர் இவற்றைக் கேட்டுச் செல்போனில் பதிந்தால் போதும். யார் எங்கே பிறந்தார், ஏன் வந்தார் என்பதெல்லாம் அடுத்த சுற்று. ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைசி ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது அதையும் சேர்த்தே கேட்டுக்கொண்டிருந்தேன்.

மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே சின்ன ஊர். வீட்டுக்கு வீடு ஒரே பதில். மகன் எங்கே? கேரளாவில் மிளகு பறிக்கிறான். பேரன் எங்கே? போர்வெல் லாரியோடு வடக்கே போயிருக்கிறான், எந்த மாநிலம் என்று லாரிக்கே தெரியாது. இன்னொருவன்? திருப்பூர். வீட்டில் இருந்தது முழங்கால் தேய்ந்த பெரியவர்கள், மூக்கொழுகும் குழந்தைகள், இரண்டு பக்கத்துக்கும் கஞ்சி ஊற்றிக்கொண்டு நடுவில் மாட்டிக்கொண்ட பெண்கள். ஊரையே உடுக்கை மாதிரி யாரோ இடுப்பில் பிடித்து இறுக்கியிருந்தார்கள்.

பெண்களிடம் "பொறந்த ஊரு?" என்று கேட்டேன். ஒருத்திகூட அந்த ஊரில் பிறந்தவள் இல்லை. ஒருத்தி அடுத்த நாடு, ஒருத்தி மலைக்கு அந்தப் பக்கம், ஒருத்தி எங்கள் காளப்பநாயக்கன்பட்டியேதான். "எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டதற்கு அவள் மரவள்ளிக் குச்சிக்கிழங்கை உரித்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏனுங்க, நானா வந்தேன்? கட்டிக் குடுத்துட்டாங்க, வந்தேன். இதெல்லாம் ஒரு கேள்வியாங்க?"

அதுவும் சரிதான். கேரளாவுக்குப் போன மகனைப் பற்றிக் கேட்டால் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். ஊரிலிருக்கிற அத்தனை பெண்களும் ஊரை விட்டு வந்தவர்கள், அவர்களுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. இந்த ஞானம் தோன்றியதும் எனக்கே என் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. இரண்டு நாளில் ஒரு பெண்ணைப் பார்த்து, அவளைத் திருப்பூரிலிருந்து கிளப்பிக்கொண்டு வரப் போகிறவன் நான் என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

ஊர்க்கவுண்டர் வீட்டில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். அவர் ஒல்லியான, துறுதுறுப்பான மனிதர். சாப்பிடும்போதே சண்டையைத் தொடங்கினார். வெளியே போன தன் இரண்டு மகன்களையும் இந்த வீட்டிலேயே எழுத வேண்டும் என்றார். முடியாது என்றேன்.

"நான் பெத்த பசங்கள நான் சொல்றேன், எழுதமாட்டீங்களா?"

"யாரு எங்க இருக்காங்களோ அங்கதானுங்க கணக்கு. வருசத்துல ஒரு தரம் வந்து போறவங்கள இங்க எழுதுனா, அங்க யார எழுதறது? இருக்கறவங்கதாங்க ஊரு. போனவங்க ஊரு இல்லீங்க."

எனக்கே பிடித்துப்போய் அந்தக் கடைசி வாக்கியத்தை இன்னொரு தரமும் சொன்னேன். வகுப்பில் அப்படித்தான், நல்லதாக ஒன்று வாயில் வந்துவிட்டால் இரண்டு தரம் சொல்வது வழக்கம். அவர் மென்று முழுங்கிவிட்டு, "இருக்கறவங்கதான் ஊரு. சரிங்க" என்று எழுந்து போனார்.

வெளியே பறை முழங்கிற்று. அன்றைக்கு அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டு. நான் கோயில் வாசலில் நின்று, பதிந்ததெல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்று செல்போனில் தேய்த்துக்கொண்டிருந்தேன். பூசாரி ஒவ்வொருவர் கையிலும் மஞ்சள் துண்டு கோத்த கயிற்றைக் கட்டிக்கொண்டு வந்தார். என்னிடம் வந்ததும் நானும் கையை நீட்டினேன். பிரசாதம் கொடுத்தால் வாங்கிக்கொள்வதில்லையா, அந்த மாதிரி. கட்டி முடித்ததும் குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. எனக்காகவா என்று நினைத்துச் சிரித்துவைத்தேன்.

எனக்காகத்தான்.

காப்புக் கட்டினால் திருவிழா முடிந்து அதை அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டி ராத்தங்கக் கூடாது. எங்கள் ஊரிலும் இது உண்டு. ஆனால் எங்கள் ஊரில் ஊர்க்காரர்களுக்கு மட்டும். அன்றைக்கு வந்த பால்காரரையும் பாத்திரக்காரரையும் யாரும் பிடித்துவைப்பதில்லை. இந்த ஊரிலோ, பறை முழங்கும்போதோ, அதற்குப் பிறகு விளக்கு வைக்கும்போதோ எல்லைக்குள் எந்தத் தலை இருக்கிறதோ அந்தத் தலை ஊர்த் தலை. ஒரு தலை வெளியே தங்கினாலும் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆகாது என்பது நம்பிக்கை. அவிழ்ப்பது புதன்கிழமை.

"புதன்கிழமையா!" என்று அலறினேன். "நான் வெளியூருங்க!"

"அதெப்படிங்க வாத்தியாரே?" ஊர்க்கவுண்டர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "இருக்கறவங்கதான் ஊருன்னு நீங்கதான சொன்னீங்க? அதையும் ரெண்டு தடவ சொன்னீங்க. எங்க சாமி கணக்கும் அதேதானுங்க."

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் மொச்சைக் குழம்போடு செய்திருந்தேன். அவருக்கு அதில் லாபமும் இருந்தது. செவ்வாய்க்கிழமை அம்மனைச் சப்பரத்தில் வைத்து ஊர் எல்லையைச் சுற்றித் தூக்கி வர வேண்டும். தூக்க ஆம்பிளைத் தோள் இல்லை. என் தோளை அவர் மாட்டுச் சந்தையில் பார்ப்பது போல ஒரு பக்கமிருந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

பகலில் வெளியே போய் விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிட்டால் குற்றமில்லையாம். ஆனால் எழுபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி, திருப்பூர் போய், பெண்ணைப் பார்த்து, பஜ்ஜி தின்று, மறுபடி ஏறி வருவதற்குள் விளக்கு வைத்து அணைத்தும் விடுவார்கள்.

ஊருக்கு மேலே ஒரு பாறை. அதில் ஏறினால்தான் செல்போனில் பேச முடியும். அங்கிருந்து பேசினால் ஊர் முழுக்கக் கேட்கும் என்பது எனக்கு யாரும் சொல்லாத விஷயம். அம்மாவைக் கூப்பிட்டு, கையில் கயிறு கட்டிவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வர முடியாது என்று கத்தினேன்.

"என்ன கயிறு கட்டுனா என்ன சாமி! அத்துப் போட்டுட்டு இறங்கி வா! எத்தன வருசம் கழிச்சு ஒருத்தி வரச் சொல்லியிருக்கா!"

"காப்புக் கயிறும்மா."

உடனே அம்மா குரல் மாறி வந்தது. "ஐயோ, காப்பா? கழட்டிராத கண்ணு! கைய நனைக்கறப்பக்கூடப் பாத்து நனை! அம்மன் குத்தத்துல யாரு மாட்டறது?" அடுத்த மூச்சில் அழ ஆரம்பித்தார். "போச்சு. காங்கேயத்துக்காரன் கட்டிக்கிட்டுப் போயிருவான்." கீழே கவுண்டர் வீட்டு அம்மா, ஊர்க்கவுண்டரின் மனைவி, முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அட சாமி, பொண்ணு பாக்கப் போறவரா நீங்க?" என்று அண்ணாந்து கேட்டார். அதற்குள் மூன்று வீட்டு வாசலில் ஆள் சேர்ந்துவிட்டது.

நான் நிஜமாகவே இடிந்து போனேன். வேடிக்கையாகச் சொல்கிறேனே தவிர, அந்தப் பாறைமேல் உட்கார்ந்திருந்தபோது இனி எனக்கு யாரும் வரமாட்டார்கள் என்றுதான் தோன்றியது. தரகருக்கு விஷயத்தைச் சொன்னேன். அவர், "இதுக்கு வேற நல்ல பொய் சொல்லியிருக்கலாமுங்க" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலை பாறையில் ஏறியதும் போன் அடித்தது. புது நம்பர். பெண் குரல்.

"நாந்தானுங்க, திருப்பூர்ல இருந்து. நீங்க பாக்க வர்றதா இருந்தீங்களே, அந்தப் பொண்ணு."

என்னைப் பேச விடாமல் அவளே தொடர்ந்தாள். "இதுவரைக்கும் வரமுடியாதுன்னு சொன்னவங்க எல்லாரும் பாட்டி செத்துட்டாங்கன்னு சொன்னாங்க, கார் ரிப்பேருன்னு சொன்னாங்க. மலைமேல சாமி புடிச்சு வெச்சிருக்குன்னு இப்பத்தான் கேக்கறேன். பொய்யா நெசமான்னு பாக்காம எனக்குத் தூக்கம் வராதுங்க. நாளைக்கு நாங்களே வாரோம்."

பாறையிலிருந்து நான் எப்படி இறங்கினேன் என்று கவுண்டர் வீட்டு அம்மாதான் இன்றைக்கும் நடித்துக் காட்டுவார். ஆடு கூட அப்படி இறங்காதாம்.

ஞாயிறன்று ஊரே வேலைக்குப் போகவில்லை. எல்லையில் இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டியிருந்த வேப்பிலைத் தோரணத்துக்குக் கீழே பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். என் சட்டையை ஒருத்தி வாங்கித் துவைத்து, காயாமலே திருப்பிக் கொடுத்தாள். மத்தியானம் வர வேண்டிய கார் சாயங்காலம்தான் வந்தது, ஏனென்றால் பெண்ணின் தாய்மாமன் ஒவ்வொரு வளைவிலும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கியிருக்கிறார். எலுமிச்சம்பழத்தை மூக்கில் அழுத்திக்கொண்டு வந்தவர், தோரணத்துக்கு வெளியே கிடந்த கல்லில் உட்கார்ந்து, "மாப்பிள்ளைய நீங்களே பாருங்க" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

பெண்ணும் அவள் அம்மாவும் நடந்து வந்தார்கள். ஊர்க்கவுண்டர் கையெடுத்துக் கும்பிட்டு விதியைச் சொன்னார். "விளக்கு வெக்கற நேரமாயிருச்சுங்க. இனி உள்ள வந்தா நீங்களும் புதன்கிழமைதான். அதனால அங்கேயே நின்னு பாத்துக்கலாமுங்க, தப்பில்ல."

ஆக எல்லைக்கு வெளியே பெண், உள்ளே நான். வழக்கமாகப் பெண் காபித் தட்டோடு வருவாள், மாப்பிள்ளை வீட்டார் அவள் நடையைப் பார்ப்பார்கள். இங்கே கவுண்டர் வீட்டு அம்மா காபித் தட்டை என் கையில் வைத்து முதுகில் ஒரு தள்ளுத் தள்ளினார். ஈரச் சட்டையோடு, தலையைக் குனிந்துகொண்டு நான் நடந்தேன். டம்ளர்கள் கிலுகிலுவென்று ஆடின. பின்னால் ஒரு கிழவர், "நடை நல்லாத்தான் இருக்குது" என்றார். ஊர் வெடித்துச் சிரித்தது.

அவள் காபியை எடுக்கவில்லை. முதலில் என் மணிக்கட்டைப் பார்த்தாள். மஞ்சள் துண்டு, கயிறு, முடிச்சு எல்லாவற்றையும், கம்பெனியில் பனியன் தையலைப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். போட்டோவில் அடக்கிவைத்திருந்த சிரிப்பு அப்போதுதான் வெளியே வந்தது. சிரித்தால் கண் இரண்டும் காணாமல் போய்விடும்.

"நெசந்தான்" என்றாள் அம்மாவிடம். பிறகு என்னிடம், "சமைக்கத் தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க."

"பாடுவீங்களா?"

"வாய்ப்பாடுதானுங்க பாடுவேன்."

மறுபடி ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, கொஞ்சம் தணிந்த குரலில் கேட்டாள். "வந்தவங்க எல்லாருமே எப்ப வேலைய விடுவே, எப்ப எங்கூருக்கு வருவேன்னுதான் கேட்டாங்க. எங்கம்மாவ விட்டுட்டு நான் எதுக்கு வரோணும்னு நான் கேட்டேன். இதெல்லாம் ஒரு கேள்வியான்னாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

இதெல்லாம் ஒரு கேள்வியா. வெள்ளிக்கிழமை குச்சிக்கிழங்கு உரித்தவள் என்னைக் கேட்ட அதே கேள்வி. திரும்பிப் பார்த்தேன். அவளும் அங்கேதான் நின்றாள், இடுப்பில் குழந்தையோடு. அவளுக்குப் பக்கத்தில் இன்னும் பல பேர். எல்லாருமே ஒரு நாள் ஏதோ ஒரு எல்லையைத் தாண்டி வந்தவர்கள், யாரும் அவர்களை நிறுத்திக் கேட்காமலே. இப்போது என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஒரு பதிலில் எனக்குக் கல்யாணம் உண்டா இல்லையா என்பது முடிந்துவிடும் என்று தெரிந்தது. ஆனாலும் அவளைப் பிடித்து வைப்பதற்காக நான் அந்தப் பதிலைச் சொல்லவில்லை. அந்த நிமிஷம் எனக்கு வேறு பதில் நியாயமாகவே படவில்லை.

"நான் வாரேனுங்க" என்றேன். "இடமாறுதல் கேட்டா கெடைக்கும். திருப்பூருக்கு நான் வாரேன்."

ஊர்க்கவுண்டர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அட, ஆம்பள கட்டிக்கிட்டுப் போறதா?" கவுண்டர் வீட்டு அம்மா அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தார். "நான் வந்தனே முப்பது வருசத்துக்கு முந்தி, அப்ப எங்க போச்சு உங்க அட?"

அவள் என்னையே பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்தாள், டவர் கிடைக்காது என்று நான் பாறையைக் காட்டினேன். "அப்புறமா லீவு சொல்லிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தலையைக் குனிந்து வேப்பிலைத் தோரணத்துக்குக் கீழே வந்துவிட்டாள். வாடகைக் காரை அனுப்பிவிட்டு அவள் அம்மாவும் பின்னாலேயே வந்தார். குலவைச் சத்தத்தில் தாய்மாமன் கண் விழித்து, "முடிஞ்சுதா?" என்று கேட்டார். அவரையும் தூக்கிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டியிருந்தது.

அந்த மூன்று நாளும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் கவுண்டர் வீட்டில் பெண்களோடு மாவிடித்தாள், நான் கோயிலில் கிழவர்களோடு பந்தல் போட்டேன். தண்ணீர்த் தொட்டியருகே எதிரில் வந்தால் இரண்டு பேருக்கும் சிரிப்பு. செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஒரு போர்வெல் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே மலையேறி வந்தது. கவுண்டரின் மகன்களும் ஊரின் இன்னும் பல பிள்ளைகளும் இரும்புக் குழாய்களுக்கு மேலே உட்கார்ந்து வந்து குதித்தார்கள். ஊரின் இடுப்பு ஒரே காலையில் நிரம்பிவிட்டது. "இப்ப எழுதுங்க வாத்தியாரே, இப்ப எழுதுங்க!" என்று கவுண்டர் என் கையைப் பிடித்து இழுத்தார். சப்பரம் தூக்க இனி என் தோள் வேண்டாம் என்றார்கள். விடமாட்டேன் என்று நானே போய் மாட்டிக்கொண்டேன். அவள் நிற்கிற பக்கம் பார்த்து நடந்ததில் எல்லைக் கல்லில் இடித்துக்கொண்டு, அம்மனையே ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டேன். புதன்கிழமை காப்பு அவிழ்ந்ததும் எங்கள் எல்லாரையும் அதே லாரி இறக்கிவிட்டது.

அம்மாவிடம் சொல்வதுதான் பயமாக இருந்தது. சொன்னேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. "வீட்டோட மாப்பிள்ளையாப் போறதுக்கா உன்னப் பெத்தேன்?" என்று ஒரு தரம் கேட்டதோடு சரி. கல்யாணம் நடந்தது, மாறுதலும் கிடைத்தது. நான் கிளம்புகிற அன்று பார்த்தால் புதுப் பெட்டி ஒன்று கட்டிவைத்திருந்தார். அதில் குத்துவிளக்கு, எவர்சில்வர் பாத்திரம், முறுக்கு டப்பா, பெண்ணை அனுப்பும்போது வைக்கிறதெல்லாம் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா அழுதார். நானும் அழுதேன். கண்டக்டர் விசில் அடிக்காமல் கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

திருப்பூரில் என் வகுப்பில் இப்போது பாதிப் பிள்ளைகள் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். பெஞ்சில் இடம் போதவில்லை, பெண்கள் பக்கமும் நெருக்கிக்கொண்டுதான் உட்கார்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் காரணமில்லாமல் உற்சாகம் வந்துவிடுகிறது.

இரண்டாவது சுற்றுத் தலைக் கணக்குக்கு எங்கள் வீட்டுக்கு ஒரு இளம் டீச்சர் வந்தார். அன்றைக்கு அம்மாவும் ஊரிலிருந்து வந்திருந்தார். ஊரை விட்டு வந்த காரணம் என்ன என்ற கேள்விக்கு டீச்சர் என்னைக் கேட்காமலே செல்போனில் வேலை என்று தொட்டுவிட்டார்.

"கல்யாணம்ங்க" என்றேன்.

"அது மேடத்துக்குங்க, சார்."

"மேடம் இங்கியே வளந்தவங்க. கல்யாணத்துக்காக வந்தது நான்."

டீச்சர் விளையாடுகிறேனா என்று பார்த்தார். உள்ளேயிருந்து என் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. கீழே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கினார்.

"போடு கண்ணு, அப்படியே போடு. எனக்கும் ஒண்ணு இருந்திருக்கோணும். நாந்தான் வேண்டாம்னு இருந்துட்டேன். அவளுக்கு வெக்க வேண்டிய குத்துவிளக்க இவனுக்குத்தான் வெச்சு அனுப்புனேன்."

அந்த ஒன்றைப் பற்றி அம்மா பேசிக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. டீச்சருக்கு என்ன புரிந்ததோ, திருத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். அம்மா மறுபடி கீரையை ஆய ஆரம்பித்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒரு கட்டுக் கீரையை எடுத்துக்கொண்டேன்.